மாமா கியர்பொக்ஸ் பூட்டிய கிழமை

என் பேரன் புதிதாக வாங்கியிருக்கும் காரில் இடது காலுக்கு வேலையே இல்லை. கிளச் கிடையாதாம், கியர் தானாகவே விழுமாம். அப்படியென்றால் அந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சும்மா வைத்திருக்கிறானாம். என் வயதுக்காரர்கள் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் வாப்பாவுக்கு இடது காலைச் சும்மா வைத்திருக்கத் தெரிந்திருந்தால், நான் இப்போது சொல்லப்போகும் எதுவுமே நடந்திருக்காது.

அறுபதுகளின் தொடக்கம் அது. முல்லைத்தீவுக் கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அதோடு ஒரு கறுப்புக் காரும் இருந்தது. வாடகைக்கு ஓடும் கார். பிள்ளை பெறப் போகிறவள், கலியாண மாப்பிள்ளை, வழக்குக்குக் கோட்டுக்குப் போகிறவன் என்று யாராக இருந்தாலும் எங்கள் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். ஓட்டுவதும் வாப்பாதான். அவர் நல்ல வியாபாரி. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேறு ஆள். கிளச் மிதியில் வைத்த இடது காலை வீடு வந்து சேரும்வரை எடுக்கமாட்டார். காலுக்கு ஒரு இடம் வேண்டுமே என்று அதை அங்கேயே சாத்தி வைத்திருப்பார்.

எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவில் ஒரு வட்டத் தகடு இருக்கிறது. அது இறுகப் பிடித்தால்தான் எஞ்சினின் பலம் சில்லுக்குப் போகும். மிதியில் கால் கிடந்தால் அந்தத் தகடு பிடித்தும் பிடிக்காமலும் உரசி உரசித் தேயும். இது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தது. காரின் இழுவை குறையக் குறைய வாப்பா மணல் பாதைகளைக் குற்றம் சொன்னார், மாரியில் பெருகும் அருவிகளைக் குற்றம் சொன்னார், காரில் ஏறும் தடித்த ஆட்களைக்கூடக் குற்றம் சொன்னார். எங்கள் ஆட்களில் ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தது. அவர் எங்கள் மாமா. அதைச் சொல்லக்கூடிய நிலையில் அவர் இருக்கவில்லை.

மாமா என்றால் உம்மாவின் ஒரே தம்பி. உம்மா கடலைக் காணாமல் வளர்ந்தவர். வவுனியாப் பக்கம், குளக்கட்டை அண்டிய ஒரு கிராமம் அவருடையது. தாயும் தகப்பனும் மௌத்தான பிறகு உம்மாவுக்கு என்று அந்தத் தம்பி ஒருவர்தான் மிச்சம். அவரோ மீசை அரும்பும் முன்னமே கொழும்புக்கு ஓடிப்போய் கார் திருத்துகிற ஒரு கராச்சில் சேர்ந்துவிட்டார். இடையில் ஒருமுறை வந்தபோது வாப்பாவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு போய், முரசுமோட்டையில் யாரோ ஒருவரின் வயலுக்குள் இறக்கிவிட்டார். திடீரென்று குறுக்கே வந்த எருமைக் கூட்டத்தில் இருந்து தப்பத்தான் அப்படிச் செய்தார் என்று அந்த வயல்காரரே பிறகு சொல்லியிருக்கிறார். அதெல்லாம் வாப்பாவின் காதில் ஏறவில்லை. அவன் கைவைத்தது எதுவும் உருப்படாது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். ஒரு மனிதனைப் பற்றி ஒரே ஒருமுறை யோசித்து, அதோடு காரியத்தை முடித்துக்கொள்வது எங்கள் வாப்பாவின் பழக்கம்.

கார் இழுக்காமல் போன அந்த வருஷம் சித்திரை மாதத்தில் மாமா மறுபடி வந்தார். கன்னம் ஒட்டி, ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்றார். கொழும்பு அவருக்குச் சரிவரவில்லை. தலைக்கு மட்டும் எண்ணெய் வழிய வழியப் பூசி, மேவி இழுத்திருந்தார். உம்மா அவரைக் கண்டதும் அழவில்லை. குசினிக்குள் போய் மீன் பொரிக்கத் தொடங்கினார். பொரித்தார், பொரித்தார், வீட்டிலிருந்த மீன் முழுவதையும் பொரித்துவிட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு உம்மா வாப்பாவிடம் பேசினார். நான் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். தம்பி இங்கேயே நிற்கட்டும், காரையும் அவனே பார்க்கட்டும் என்றார் உம்மா. தன் பக்கத்து ஆள் ஒருவராவது இந்த ஊரில் வேண்டும் என்றும் சொன்னார். வாப்பா வெகுநேரம் வெற்றிலையை மென்றார்.

“வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னம் கார் ஓடவேணும்,” என்றார் கடைசியில். “ஓடினா அவன் இஞ்ச நிக்கட்டும். ஓடாட்டி பஸ் ஏறட்டும். பிறகு என்னோட இதைப் பற்றிக் கதைக்கப்படாது.”

வைகாசியில் வரும் அந்தப் பொங்கல்தான் எங்கள் காருக்குப் பெருநாள். கண்ணகை அம்மன் கோயிலுக்குச் சனம் வன்னி முழுவதிலும் இருந்து வரும். எங்கள் கார் விடிய விடிய ஓடும். அன்றைக்கு ஓடாமல் நின்றால் ஊர் முழுக்க விசாரிக்கும். ஆகவே வாப்பா தவணை வைத்ததில் நியாயம் இருந்தது. உம்மாவோ அந்தத் தவணைக்கு மிச்சமிருந்த நாட்களைப் பெருமூச்சுவிட்டபடி எண்ணத் தொடங்கினார்.

இனி எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கடற்கரையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வைத்த இடத்திலேயே தின்னும். வியாழக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் உம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலும் பழைய சாரத்துண்டுமாக உட்கார்ந்துவிடுவார். கத்தி, அரிவாள், பூட்டு, சாவி, கடைத் தராசுப் படிக்கற்கள், தையல் மெசின், அலுமாரிக் கதவுப் பிணைச்சல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசுவார். பூசிவிட்டு, கையில் ஒட்டாதபடி துடைத்தும் விடுவார். அந்தப் படிக்கற்கள் பூனைக்குட்டியின் முதுகு மாதிரி மினுங்கும். அவற்றை எல்லாம் விட்டுவிட்டு ஒருநாள் ஊரைவிட்டே வரவேண்டி வந்தது, அது வேறு கதை. இப்போது யாருடைய முற்றத்தில் எது கிடந்து கறள் பிடிக்கிறதோ.

மாமா வேலையைத் தொடங்கினார். எங்கள் மணலில் குழி தோண்டினால் நிற்காது, சரிந்துவிடும். ஆகவே பனங்குற்றிகளைச் சரிவாக அடுக்கிக் காரைப் பின்வளவில் உயர்த்தி நிறுத்தினார். முன் ஆசனங்களைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்தார். நான் அதில் ஏறியிருந்து, இல்லாத காரை வவுனியா வரைக்கும் ஓட்டினேன். கியர்பொக்ஸை இறக்குவதற்குக் கயிறும் ஆளும் வேண்டியிருந்தது. பக்கத்து வளவில் இருந்த கரைவலைச் சம்மாட்டியார் தன் வலைக்காரர்கள் சிலரோடு வந்துவிட்டார். வலையும் தோணியும் வைத்திருக்கும் வேதக்காரர், கழுத்தில் சிலுவை, வாயில் சுருட்டு. அவருக்குக் கார் என்றால் கரையில் நிற்கும் தோணி, அவ்வளவுதான். எதையும் கயிறு கட்டி இழுத்தால் வரும் என்று நம்புகிறவர்.

வெளி ஆண்கள் வளவுக்குள் வந்துவிட்டால் உம்மா குசினியை விட்டு வெளியே வரமாட்டார். தேத்தண்ணீர்த் தட்டம் என் கையில்தான் வரும். உம்மா யன்னல் சட்டத்தோடு நின்று, தம்பி தட்டுகிற சுத்தியல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் மாமா காரின் கீழ் கிடந்துகொண்டு எல்லாருக்கும் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். தேய்ந்த தகட்டுக்குப் பதிலாகப் புது வட்டம் வந்ததும் அதில் எண்ணெய்க் கை படக்கூடாது, கிறீஸ் படக்கூடாது, பட்டால் வழுக்கும், கார் இழுக்காது என்றார். சம்மாட்டியாருக்குச் சொன்னார், வலைக்காரருக்குச் சொன்னார், எட்டிப்பார்த்த வாப்பாவுக்கும் சொன்னார். குசினிக்குள் இருந்த தன் அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

புது வட்டம் கொழும்பிலிருந்து ரயிலில் வவுனியாவுக்கும், அங்கிருந்து கடைச்சாமான் லொறியில் எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. வாப்பா அதைக் கடதாசியோடு கொண்டுவந்து உம்மாவின் கையில் கொடுத்து, பத்திரம் என்றார். அது சோற்றுத் தட்டு அளவில் இருந்தது. நடுவில் பல்வைத்த துவாரம், அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி வில்லுகள், விளிம்பில் பித்தளை ஆணிகள். உம்மா அதை ஒரு நகையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய தம்பி இங்கே நிற்பதும் போவதும் அந்த வட்டத்தில்தான் இருந்தது. அலுமாரியில், தன் கலியாணச் சேலைக்கு மேலே வைத்தார். மறுநாள் வியாழக்கிழமை. உம்மா அதையும் எடுத்தார். மற்ற இரும்புகளைவிட அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பூசினார். பிறகு துடைத்து, வெள்ளைத்துணியில் சுற்றி வைத்தார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

கியர்பொக்ஸைத் திரும்ப ஏற்றிய நாளை என்னால் மறக்க முடியாது. காலையிலேயே மாமா பாலைமரக் கொம்பு ஒன்றை உருட்டிச் சீவி, நூல் சுற்றிப் பருமன் சரிபார்த்து வைத்திருந்தார். புது வட்டத்தை நடு விலகாமல் பிடித்து இறுக்குவதற்கு அந்தக் கொம்பு. கையைப் பெற்றோலில் கழுவிக்கொண்டு துணியை விரித்து வட்டத்தை எடுத்தார். பெற்றோல் மணத்தில் வேறு எந்த மணமும் அவருக்கு எட்டவில்லை. காரின் கீழ் வெளிச்சமும் போதாது. கொம்பைச் செருகி, வட்டத்தைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராக ஒவ்வொரு சுற்றாக இறுக்கினார். எல்லாம் முடிந்ததும் கொம்பை இழுத்து என்னிடம் எறிந்தார். அதை வைத்துக்கொண்டு நான் வெகுகாலம் குர்ஆன் ஓதித்தரும் ஓதப்பள்ளி மோதீன் பிரம்போடு நடப்பது மாதிரி நடந்து திரிந்தேன்.

கியர் தடி வரும் துவாரத்தால் கயிற்றை விட்டு, கீழே கிடந்த கியர்பொக்ஸில் கட்டினார்கள். மேலே, காருக்குள் இரண்டு பெட்டிகளின் மீது உம்மாவின் உலக்கையைக் குறுக்கே போட்டு, அதற்கு மேலால் கயிற்றை வெளியே எடுத்தார்கள். மாமா கீழே மல்லாந்து படுத்து, கியர்பொக்ஸைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். பிஸ்மி சொன்னார். மேலே சம்மாட்டியார் சிலுவைக்குறி போட்டார். வலைக்காரர்கள் கயிற்றைப் பிடித்தார்கள்.

அவர்களுக்குத் தெரிந்தது கரைவலை இழுப்புத்தானே. ஏலேலோ போட்டுக்கொண்டு ஒரே மூச்சாக இழுத்தார்கள். கியர்பொக்ஸ் துள்ளி எழும்பிக் காரின் வயிற்றில் மோதியது. மாமா கீழே கிடந்து கத்தினார்.

“சம்மாட்டியார், இது வலையில்ல. நெல்லளவு எண்டா நெல்லளவுதான் இழுக்கவேணும்.”

கியர்பொக்ஸின் முன்னால் நீண்டிருக்கும் தண்டு அந்த வட்டத்தின் துவாரத்துக்குள் போகவேண்டும். துவாரத்திலும் பல், தண்டிலும் பல். பாதி நுழைந்த நேரத்தில் பாரம் முழுவதும் தண்டில் தொங்கினால் வட்டம் வளைந்துபோகும். சம்மாட்டியார் தன் ஆட்களை விலக்கிவிட்டு, சுருட்டைத் துப்பிவிட்டு, தான் மட்டும் கயிற்றைப் பிடித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தப் பெரிய உடம்புக்காரர் தூண்டில் நூல் பிடிப்பதுபோலப் பிடித்தார். மாமா கியர்பொக்ஸை முன்னால் தள்ளிக்கொண்டு, மறுகையால் பின்முனையை மெல்ல மெல்லத் திருப்பினார். பல் பல்லோடு சேரவில்லை. கொஞ்சம் இறக்கச் சொன்னார், கொஞ்சம் ஏற்றச் சொன்னார். வேர்வை அவர் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. நான் ஊர்ந்துபோய் என் சட்டை நுனியால் துடைத்துவிட்டேன். இன்னொரு திருப்பு. உள்ளே ஏதோ வழிவிட்டமாதிரி அந்தப் பாரம் முழுவதும் வழுக்கிக்கொண்டு போய் எஞ்சினோடு பொருந்தி நின்றது. மாமா சிரித்தார். பல் முழுக்கக் கறுப்பு எண்ணெய். யன்னலுக்குள் உம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

பின்னேரம் காரைக் குற்றிகளில் இருந்து இறக்கினார்கள். வாப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து தானே ஏறி அமர்ந்தார். எஞ்சின் முதல் தடவையிலேயே எழும்பியது. கியர் போட்டார், கிளச்சில் காலைத் தளர்த்தினார். கார் ஒரு முழம் நகர்ந்தது. பிறகு மணலில் நின்றது. எஞ்சின் உறுமுகிறது, சில்லு அசையவில்லை. வாப்பா வலது காலால் இன்னும் மிதித்தார். அப்போது மணம் வந்தது. எங்கள் எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த மணம், தேங்காயெண்ணெய் காய்கிற மணம். எந்த வீட்டில் பணியாரம் சுடுகிறார்கள் என்று வலைக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். காரின் கீழிருந்து நீலப்புகை கிளம்பியது.

வாப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். மாமாவின் தலையைப் பார்த்தார். மேவி இழுத்த, எண்ணெய் வழியும் தலை.

“எண்ணெய் படப்படாது எண்டு ஊருக்கெல்லாம் சொன்னாய். உன்ர தலையைத் தடவின கையாலதான் அதைப் பூட்டினாயோ?”

மாமா மூக்கை உறிஞ்சி மணத்தைப் பிடித்தார். அவருடைய கண் மெல்லத் திரும்பிக் குசினி யன்னலில் போய் நின்றது. வியாழக்கிழமைப் போத்தல் அவருக்கும் நினைவு வந்திருக்கவேண்டும். அந்தப் பார்வையை நான் கண்டேன். வாப்பா காணவில்லை.

“ஓம் மச்சான். என்ர கைதான்,” என்றார் மாமா.

நாளைக்குக் காலையில் பஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வாப்பா கடைக்குப் போனார். சம்மாட்டியார் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தார். அத்தனை பேருக்கு முன்னால் தன் கார் நின்றுபோன வெட்கம் வாப்பாவுக்கு. கோபத்தின் பாதிக்கு மேல் அந்த வெட்கம்தான் என்று இப்போது விளங்குகிறது. அன்று அவரை நான் வெறுத்தேன்.

மாமா குசினிக்குள் வந்து தண்ணீர் குடித்தார். உம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். எண்ணெய் பூசினால் என்ன, இரும்புதானே என்று கேட்டார். மாமா விளக்கிச் சொன்னார். ஒரு சொல்கூடக் குத்தலாகச் சொல்லவில்லை. உம்மாவின் கை தானாகவே சேலைத் தலைப்பைத் தேடி வாயைப் பொத்தியது. அப்படியென்றால் உன் கை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார்.

“ராத்தா, நான் போற ஆள்,” என்றார் மாமா. “நீங்கள் இஞ்ச இருக்கிற ஆள்.”

உம்மா அன்று சமைத்தார், விளக்கேற்றினார், தொழுதார். எல்லாம் செய்தார், வாப்பாவிடம் உண்மையை மட்டும் சொல்லவில்லை. அவர் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

காலையில் மாமா தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டினார். உம்மா வாசலில் நின்று பார்த்தார். அவர் மறைந்ததும் உள்ளே போய், தலையை நன்றாக மூடிக்கொண்டு, ஒரு கையில் எண்ணெய்ப் போத்தலும் மறுகையில் என் கையுமாக வெளியே இறங்கினார். நாங்கள் கடைத்தெருவுக்கு நடந்தோம். பகலில், நடுத்தெருவில், எங்கள் உம்மா. கடைகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் நடை நிற்கவில்லை.

வாப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். சம்மாட்டியாரும் அங்கே சுருட்டு வாங்க நின்றார். உம்மா போத்தலை மேசையில் வைத்தார்.

“அந்த வட்டத்தில எண்ணெய் பூசினது நான்தான். அவனில்ல.”

வாப்பா தராசைப் பிடித்தபடியே நின்றார்.

“நான் இந்த ஊருக்கு வாழ வந்த வருஷம் கத்தியில கறள் பிடிச்சிட்டுது எண்டு என்னை எவ்வளவு பேசினீங்கள். இரும்பெண்டு வீட்டுக்குள்ள வந்தா எண்ணெய் பூசாமல் வைக்கப்படாது எண்டு சொல்லித் தந்தது நீங்கள்தான். அந்த நாளில இருந்து ஒரு வியாழனும் நான் தவறவிடயில்ல. நீங்கள் சொன்னதைத்தான் செய்தனான்.”

சொல்லி முடித்ததும் உம்மா அழுதார். தெருவில் நின்று, எல்லாரும் பார்க்க அழுதார். வாப்பா தராசை இறக்கி வைத்தார். பருப்பு வாங்க வந்த ஆளை அப்படியே விட்டுவிட்டு, தொப்பியையும் எடுக்காமல் பஸ் நிற்கும் பக்கம் நடக்கத் தொடங்கினார். பிறகு ஓடினார். வாப்பா ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

மாமா பஸ்ஸுக்குள் யன்னலோரம் இருந்தார். வாப்பா மூச்சு வாங்கிக்கொண்டு யன்னல் கம்பியைப் பிடித்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவர், எங்கள் வாப்பாமார் யாரும் அப்படி இல்லை, உங்களுக்குத் தெரியும்.

“இறங்கு,” என்றார். “அதைத் திரும்பக் கழட்டவேணும். நான் தனிய எப்பிடிக் கழட்டுறது?”

மாமா இறங்கினார். தகரப்பெட்டியை வாப்பா பறித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அப்படியே கடைத்தெருவால் வீட்டுக்கு வந்தார்கள்.

பொங்கலுக்கு எங்கள் கார் ஓடவில்லை. எண்ணெய் குடித்த வட்டம் பெற்றோலுக்கும் அடங்கவில்லை, சவர்க்காரத்துக்கும் அடங்கவில்லை. கொழும்பிலிருந்து இன்னொன்று வரவேண்டியிருந்தது. வற்றாப்பளைக்குச் சனம் மாட்டுவண்டியிலும் நடந்தும் போனது. வாப்பா வைத்த தவணையை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

இரண்டாவது முறை கியர்பொக்ஸ் ஏற்றிய அன்று வாப்பாவும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமாவுக்குப் பக்கத்தில் காரின் கீழ் படுத்தார். சம்மாட்டியார் கயிற்றோடு நின்றார். உம்மா தேத்தண்ணீர்த் தட்டத்தை என்னிடம் தரவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே பின்வளவுக்கு வந்து, தட்டத்தை மணலில் வைத்தார். பிறகு குனிந்து காரின் கீழே பார்த்தார். இதில் எதற்கு எண்ணெய் பூசலாம், எதற்குப் பூசக்கூடாது என்று இப்போதே சொல்லித்தரும்படி வாப்பாவைக் கேட்டார்.

வாப்பா சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர், பக்கத்தில் கிடந்த மாமாவை ஒருமுறை பார்த்தார்.

“அவனிட்டக் கேள்,” என்றார். “அவன் இஞ்சதானே இருக்கப்போறான்.”